அம்மம்மா வீட்டாக்கள் 🏠 (குடும்பக் குழு)

ரூபன்: கதிர்காமம் நடந்து போறதுக்கு உகந்தை முருகன் கோயில் வரைக்கும் வேன் சொல்லியாச்சி. 14 சீட். ஆராரு வாறீங்க எண்டு இண்டைக்கு ராவைக்குள்ள சொல்லுங்க, அட்வான்ஸ் குடுக்கணும்

பெரியம்மா: நான்

மலரக்கா: அம்மா நீங்க இல்ல

பெரியம்மா: நான் தான் முதல் ஆள்

மலரக்கா: ரூபன் அவட பேர எழுதாத. விடிய கட்டிலால எழும்பி குசினிக்குப் போகவே சுவரப் பிடிக்கிற ஆள், காட்டுக்குள்ளால அஞ்சு நாள் நடக்கப் போறாவாம்

பெரியம்மா: நேத்தி மனே. சொன்ன சொல்லு

சின்னம்மா: என்ன நேத்தி பெரியக்கா

பெரியம்மா: கால் சுகமானா கதிர்காமம் நடந்து வாறன் எண்டு

ரூபன்: சுகமாகல்லயே 😂 அப்ப முருகன் தான் உங்களுக்குக் கடன்

பெரியம்மா: வாயப் பொத்து

மலரக்கா: பகிடி இல்ல ரூபன். ரெண்டரை வருசம். எக்ஸ்ரேயில குதிக்கால்ல முள்ளு மாதிரி எலும்பு வளந்திருக்கெண்டு ஒராள் சொன்னார், வலி இல்லாத ஆக்களுக்கும் அது இருக்கும் எண்டு மற்றவர் சொன்னார். யூரிக் அசிட் நோர்மல். குதிக்கால்ல ஊசி போட்டம், ஒரு மாசம் நல்லா இருந்துது மறுகா பழையபடி. கடைசியா காசு கட்டி டொக்டர சனல் பண்ணின இடத்தில வயசு தானே அம்மா எண்டு விட்டுட்டாங்க, நாலு நிமிசம் கூட இல்ல

சின்னம்மா: எண்ணெய் போட்டுப் பாத்தீங்களா

மலரக்கா: வீடே எண்ணெய் மணம் தான்

சின்ன மாமா டொரண்டோ: வணக்கம் எல்லாருக்கும். இஞ்ச இப்ப காலைல ஆறு மணி. மலர் நான் சொல்றத வடிவா வாசி. யூரிக் அசிட் ஒருக்கா நோர்மல் எண்டா கவுட் (யூரிக் அசிட்டால வாற மூட்டு வாதம்) இல்ல எண்டு சொல்லேலாது, வலி கூடி நிக்கேக்கயே சிலருக்கு நோர்மலாத் தான் காட்டும். ரெண்டாவது, பெரியக்கா சுகருக்கு மெட்ஃபோமின் போடுறா தானே, கனகாலம் போட்டா பி12 குறையும், குறைஞ்சா கால் விறைக்கும் எரியும், அந்த ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா? மூண்டாவது வலி எந்த நேரத்தில கூட எண்டு ஒரு கொப்பில எழுதுங்க. எழும்பினவுடன முதல் அடி வைக்கேக்க குத்தி நடக்க நடக்கக் குறைஞ்சா பாதத்துக்குக் கீழ இருக்கிற சவ்வு, படுத்த பிறகும் எரிஞ்சா நரம்பு

ரூபன்: மாமா நீங்க நித்திரையே கொள்றல்லயா

சின்னம்மா: வேனுக்கு சமைக்க பெரிய கிடாரம் வேணும். அது ஆர்ட வீட்டில

ரூபன்: அம்மம்மாட அந்தியேட்டிக்குப் பிறகு காணல

சின்னம்மா: எனக்குத் தெரியும் ஆர்ட வீட்டில எண்டு. நான் சொல்லல

பெரியம்மா: ராவைக்குத் தான் எரியும். போர்வை பட்டாலும் ஏலாது

மலரக்கா: அம்மா இத என்னட்ட சொன்னதே இல்ல

சின்னம்மா: பெரியக்கா சுனாமிக்கு வெட்டின கால் தானே அது

மலரக்கா: எந்தக் கால்

பெரியம்மா: வலது. அது 2004ல கா. தகரமோ கண்ணாடியோ தெரியா. உள்ளங் கணுக்காலுக்குப் பின்னால ஆறு தையல். ஆறிட்டு

மலரக்கா: இந்தக் கால் தான் நோகுது 🤦🏽‍♀️ ஒரு டொக்டருக்காவது சொன்னீங்களா

பெரியம்மா: ஆர் கேட்டது. சுகர் இரிக்கா எண்டு தான் எல்லாரும் கேட்டது. அண்டைக்கு அம்மாவத் தூக்கிட்டு ஓடினது நான், காலப் பாக்க நேரமிருக்கல்ல. மற்றாக்கள் கொழும்பில

சின்ன மாமா டொரண்டோ: அக்கா அப்ப எனக்கு சோதனை

பெரியம்மா: நான் உன்னச் சொல்லல

சின்ன மாமா டொரண்டோ: சரி. பாதத்துக்குப் போற நரம்பு அவடத்தால தான் போறது. தழும்புக்கு மேல விரலால மெதுவாத் தட்டிப் பாருங்க

பெரியம்மா: பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது

மலரக்கா: ஐயோ

சின்ன மாமா டொரண்டோ: அது தான் எண்டு நான் சொல்ல மாட்டன். இத்தினை வருசம் சும்மா இருந்திட்டு இப்ப ஏன் தொடங்கினது எண்டும் பாக்கணும். ஆனா தழும்பக் காட்டி நரம்பு டொக்டர் ஒராளுக்கு சொல்லணும், கணுக்காலுக்கு ஸ்கேன் கேளுங்க, பி12உம்

மலரக்கா: திங்கள் சனல் பண்றன்

பெரியம்மா: திங்கள் ஏலாது, வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குச் சாமானெல்லாம் கட்டணும்

ரூபன்: அப்ப வேனுக்கு 13ஆ 14ஆ

பெரியம்மா: 14. உகந்தையில கும்பிட்டுட்டு அதே வேன்ல திரும்புறன்

மலரக்கா: காட்டுப் பாதையில வாற குமுக்கன் ஆத்த மட்டும் பாத்திட்டு வாறன் எண்டு இறங்குவா, எனக்குத் தெரியும்

பெரியம்மா: 🎤 0:07

மலரக்கா: அம்மா சிரிச்சுப் போட்டு வெக்கிறீங்க, பதில் சொல்லுங்க

சின்னம்மா: கிடாரம்??

பெரியம்மா: எங்கட வீட்டில இல்ல