பிராந்திய சரக்குப் போக்குவரத்துத் திட்டம்: கம்பெனிகளிடம் தரவும் ஒத்துழைப்பும் வாங்குவது எப்படி?

வழித்தடம்:
ஒரு துறைமுகம், ஒரு ரயில் யார்டு, நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாகக் கிடங்குகள். இவை அடங்கிய பிராந்தியத்துக்குச் சரக்குப் போக்குவரத்துத் திட்டம் தயாராகிறது. முக்கியச் சாலைகளில் ஏழு நாள் வாகன எண்ணிக்கை எடுத்தாகிவிட்டது. எத்தனை லாரி, எத்தனை அச்சு என்பது தெரியும். எங்கிருந்து எங்கே போகின்றன, ஏன் அந்த நேரத்தில் போகின்றன என்பது தெரியாது. கம்பெனிகளுக்கு அனுப்பிய கேள்வித்தாள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. ஆலோசனைக் குழுவின் முதல் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். இரண்டாவதுக்குச் சங்கச் செயலாளர்கள் மட்டும். தரவை எப்படி வாங்குவது? யாரோடு பேசுவது? பெரிய வேலைகளில் தனியார் பங்கை எப்படி முடிவு செய்வது?

சுமைக்கணக்கு:
வாடிக்கையாளர் பெயர், கட்டணம், மாத டன் கணக்கு என்று கேட்டிருந்தால் கேள்வித்தாள் வரவே வராது. அவர்கள் வியாபாரமே அதில்தான் இருக்கிறது. போட்டிக் கம்பெனிகளை ஒரே மேசையில் உட்கார வைத்து இதையெல்லாம் பேசச் சொன்னால் போட்டிச் சட்டத்திலும் சிக்கல் வரும்.

லாரி ஜிபிஎஸ் தரவிலிருந்து தொடங்குங்கள். அதை நேரடியாக உங்கள் அலுவலகத்துக்கு வாங்காதீர்கள். அரசு அலுவலகத்தின் கையில் இருக்கும் கோப்பை யாராவது தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம் என்பது கம்பெனி வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும். மூலத் தரவு ஒரு பல்கலைக்கழகத்திடமோ வேறு நடுநிலை அமைப்பிடமோ இருக்கட்டும். உங்களுக்கு மண்டல வாரியாகக் கூட்டிய அட்டவணை மட்டும் வரட்டும். ஒரு மண்டலத்தில் மூன்று கம்பெனிக்குக் குறைவாக இருந்தால் பக்கத்து மண்டலத்தோடு சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் யாருடைய லோடு என்று கண்டுபிடித்துவிடலாம். எதற்காக, எத்தனை மாதம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்தத் தரவு அபராதத்துக்கோ வழக்குக்கோ போகாது என்ற வரி கட்டாயம். ஒரு முறை அதிக பாரம் பிடிக்க இதைப் பயன்படுத்தினால் அடுத்த வருடம் ஒருவரும் தர மாட்டார்கள்.

தரவு வந்த பிறகு இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, எது நிறுத்தம், எது பயண முடிவு என்பது. ஐந்து நிமிடம் நின்றாலே பயணம் முடிந்ததாக எடுத்தால், டெர்மினல் வாசல் வரிசையில் ஊர்ந்து போகும் ஒரே லாரி நான்கைந்து பயணமாகக் கணக்கில் ஏறும். டீசல் போடுவதும் ரயில்வே கேட்டில் நிற்பதும் அப்படித்தான். யார்டு, டெர்மினல், கிடங்கு ஒவ்வொன்றையும் சுற்றி வரைபடத்தில் எல்லை போடுங்கள். வரிசை நிற்கும் சாலைத்துண்டும் அந்த எல்லைக்குள் வரட்டும். இரண்டாவது, சாய்வு. பெரிய கம்பெனி வண்டிகள்தான் ஜிபிஎஸ் தரவில் நிறைய இருக்கும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள், துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே குறுந்தூரம் ஓட்டுபவர்கள் குறைவாகவே இருப்பார்கள். உங்கள் எண்ணிக்கையை வைத்து ஜிபிஎஸ் மாதிரியை மொத்த லாரிகளுக்கும் விரிவாக்கும்போது துறைமுக வாசலுக்குத் தனி விகிதம், நெடுஞ்சாலைக்குத் தனி விகிதம் போடுங்கள்.

சராசரி வேகத்தை அறிக்கையில் முன்னால் வைக்காதீர்கள். கம்பெனிக்கு வேண்டியது நம்பகத்தன்மை. அமெரிக்காவில் 95ஆவது சதமானப் பயண நேரத்தை (நூறில் 95 பயணம் இதற்குள் முடியும்) 50ஆவதால் (நடுவில் நிற்கும் வழக்கமான நேரம்) வகுத்து, நாளின் ஐந்து நேரப் பகுதிகளில் எது மோசமோ அதை எடுக்கிறார்கள். வழக்கமாக 40 நிமிடம், மோசமான நாளில் 80 என்றால் விகிதம் 2. ஓட்டுநரையும் வண்டியையும் அந்த 80 நிமிடத்துக்குத்தான் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது, செலவு அங்கேதான்.

டிஸ்பாட்ச்மேசை:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆட்கள் விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். குழுவுக்கு மக்கள் தொடர்பு அதிகாரி வந்து பயனில்லை. வண்டியை ஒதுக்குபவர், யார்டு மேலாளர், கேட் பொறுப்பாளர் இவர்களுக்குத்தான் விஷயம் தெரியும், அவர்களால் காலைக் கூட்டத்துக்கு வர முடியாது. வரைபடத்தோடு நீங்கள் யார்டுக்குப் போங்கள், அரை மணி நேரம் போதும். மூன்றே கேள்வி: டிரெய்லர் எந்தத் திருப்பத்தில் சிக்குகிறது? எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது? எந்தச் சாலையை ஓட்டுநர்கள் தவிர்க்கிறார்கள், ஏன்?

முதல் கேள்விக்கு வரும் பதிலை நேரில் போய்ப் பாருங்கள். நீண்ட டிரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நடைபாதைக் கல் விளிம்பில் கருப்பு டயர் தடம், உடைந்த கல், சாய்ந்த சிக்னல் கம்பம் இருந்தால் அந்த மூலையைப் பேருந்தையோ சிறிய லாரியையோ மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய நிலம் எடுக்க வேண்டியதில்லை. வண்டி நுழையும் சாலையில், எதிரே வந்து நிற்கும் வாகனங்களின் நிறுத்தக்கோட்டைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள், கம்பத்தை நகர்த்துங்கள், சக்கரம் ஏறக்கூடிய தாழ்ந்த விளிம்பு போடுங்கள். பாதசாரி கடக்கும் கோட்டையும் கூடவே மாற்றி வரைய வேண்டும். அதை மறந்தால் நடப்பவர்கள் பின் சக்கரம் வெட்டும் இடத்திலேயே நிற்பார்கள்.

இப்படி இரண்டு மூன்று மூலைகளைப் பராமரிப்பு நிதியிலேயே முடித்துவிட்டு அடுத்த கூட்டத்தைக் கூட்டுங்கள். கேட்டது, செய்தது, செய்ய முடியாதது, காரணம் என்று ஒரே பக்கம் கொடுங்கள். நீங்கள் இருபது வருடத் திட்டம் போடுகிறீர்கள்; கிடங்குக் குத்தகையோ சில வருடம்தான். அவர்கள் கணக்குக்குள் ஏதாவது நடந்தால்தான் திரும்ப வருவார்கள்.

சரக்கைப் பெறுபவர்களையும் கூப்பிடுங்கள், பல குழுக்களில் இவர்கள் இருப்பதே இல்லை. லாரி எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் லாரிக்காரர் இல்லை, கிடங்குக் கதவைத் திறப்பவர்.

கேட்நான்கு:
அந்தக் கடைசி வரிக்கு ஒரு உதாரணம். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005இல் பகல் நேரக் கன்டெய்னருக்குக் கட்டணம் வைத்து இரவு வாசலைத் திறந்தார்கள். சரக்கு இரவுக்கு நகர்ந்தது. ஆனால் கட்டணம் மாறும் மாலை நேரத்துக்கு முன்பே லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. 2018இல் பகலுக்கும் இரவுக்கும் ஒரே கட்டணம், முன்பதிவு நேரம் என்று மாற்றினார்கள். நேரத்தை விலையால் நகர்த்தினால் எல்லைக்கோட்டில் கூட்டம் சேரும், முன்பதிவோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

பெரிய வேலைக்கும் அதே ஊர்தான் பாடம். 2002 ஏப்ரலில் திறந்த அலமீடா ரயில் வழித்தடம் 32 கி.மீ.; அதில் 16 கி.மீ. தரைக்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிறது. செலவு சுமார் 240 கோடி டாலர். 200 சாலைச் சந்திப்புகளில் ரயிலுக்காகக் காத்திருப்பது நின்றது. கடனில் பெரும்பகுதியைக் கன்டெய்னர் கட்டணத்திலிருந்து அடைக்கும் ஏற்பாடு. ரயில் கம்பெனிகள் முன்கூட்டியே பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கட்டண வசூல் போதாத ஆண்டில் கடன் தவணையில் 40 சதவீதம் வரை துறைமுகங்கள் ஈடுகட்ட வேண்டும் என்ற பிரிவும் உண்டு. இந்தப் பிரிவைத்தான் முதலில் பேச வேண்டும். வரத்து கணித்தபடி வராவிட்டால் யார் தலையில் விழும் என்பது தெரியாமல் எந்த நிதி அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார்.

சிகாகோவில் ரயில் நெரிசலைக் குறைக்க 2003இல் தொடங்கிய கிரியேட் திட்டத்தின் விதி இன்னும் எளிது: ரயில் கம்பெனிகள் தங்களுக்குக் கிடைக்கும் பலனுக்கு ஈடான தொகையைப் போடும், பொதுமக்களுக்குக் கிடைக்கும் பலனுக்கு அரசு போடும். அதற்குப் பலனை இரண்டு கணக்காகப் பிரிக்க வேண்டும். ரயில் தாமதக் குறைவும் இன்ஜின் டீசலும் ஒரு பக்கம்; கேட்டில் நிற்கும் வாகன நேரமும் விபத்தும் புகையும் மறுபக்கம். ஒரே பலனை இரண்டு பக்கமும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது.

வழித்தடம்:
மிகவும் நன்றி. நிறுத்தக்கோட்டு வேலையிலிருந்தே தொடங்குகிறோம். ஏழு நாள் எண்ணிக்கையை வைத்து விரிவாக்குவது சரியா?

சுமைக்கணக்கு:
தனியாகப் போதாது. அந்த வாரம் பெரிய கப்பல் வந்திருந்தால் துறைமுகச் சாலையில் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும். டெர்மினலிடம் ஒரு வருடத்து கேட் பதிவை நாள் வாரியாகக் கேளுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். அதை வைத்து உங்கள் வாரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போதே எடை பார்க்கும் நிலையம் இருந்தால் அச்சு எடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலைச் சேதம் ஏறத்தாழ அச்சு எடையின் நான்காம் அடுக்காக ஏறும்; 20 சதவீதம் கூடுதல் எடை என்றால் சேதம் இரண்டு மடங்கு. வண்டி எண் பதிவாகியிருந்தால் உங்களிடம் வருவதற்கு முன்பே அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.