ஹாய்ஸ்ட் மேலே போனா நிக்க மாட்டேங்குது, அவசர உதவி வேணும்

லேத்_பையன் · காலை 10:40
எல்லாருக்கும் வணக்கம். 1 டன் எலக்ட்ரிக் செயின் ஹாய்ஸ்ட் (செயின்ல கனமானதைத் தூக்கி இறக்குற மெஷின்). மேல் பட்டனை அழுத்தினா கொக்கி மேல போய் பாடியில இடிச்சு, கடகடன்னு சத்தம் போடுது. பட்டனை விட்டாதான் நிக்குது. நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. மதியம் ஒரு கியர்பாக்ஸ் இறக்கணும். கொக்கி எல்லைக்கு வந்ததும் நிறுத்துற லிமிட் சுவிட்ச் மட்டும் மாத்தினா போதுமா? இல்ல கவனமா பார்த்துக்கிட்டு இப்படியே ஓட்டலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

வோல்ட்_மாமா · 10:46
முதல்ல வோல்டேஜ் பாருங்க. நீளமா, மெல்லிசா கேபிள் இழுத்திருந்தா மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழும். பிரேக்கை விடுவிக்கிற காயில் முழுசா இழுக்காது, லைனிங் உரசிக்கிட்டே ஓடிக் கருகிடும். அந்தச் சத்தமா இருக்கலாம். லோடோட ஓடும்போது மோட்டார் டெர்மினல்ல அளந்து பாருங்க. சும்மா நிக்கும்போது மீட்டர் வெச்சா எல்லாமே சரியாத்தான் காட்டும்.

கொக்கி_77 · 10:51
தம்பி, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. சிங்கிள் ஃபேஸா, திரீ ஃபேஸா? செயின் ஒரு வழியா, ரெண்டு வழியா (லோடைத் தாங்குறது ஒரு இழுப்பா, ரெண்டு இழுப்பா)? பட்டனை விட்டதும் டக்குனு நிக்குதா, சறுக்கி நிக்குதா? கீழ் லிமிட் வேலை செய்யுதா? நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல யாராவது எதையாவது தொட்டாங்களா?

பழைய_ஃபிட்டர் · 10:58
கேள்வி கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு தம்பி. எந்த மாடல், என்ன சப்ளை, எதுவுமே போடாம "சீக்கிரம் சொல்லுங்க"ன்னா யார் என்ன சொல்ல முடியும்? ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது வெறும் கொக்கியை மேலயும் கீழயும் ஓட்டி லிமிட் பார்க்கணும். ஹாய்ஸ்ட் பட்டனைத் தொடுறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. உங்க மெஷினோட கையேட்டிலயும் இருக்கும், பிரிச்சுப் பாருங்க.

எண்ணெய்_டப்பா · 11:01
லிமிட் லீவர்ல கிரீஸும் தூசியும் சேர்ந்து கல்லு மாதிரி இறுகியிருக்கும். எனக்கு ரெண்டு தடவை இதேதான் ஆச்சு. செயினுக்கு என்ன போடுறீங்க, கிரீஸா எண்ணெயா?

லேத்_பையன் · 11:09
திரீ ஃபேஸ், ஒரு வழி. பட்டனை விட்டா உடனே நிக்குது. லீவர் ஃப்ரீயாத்தான் இருக்கு, அழுத்தினா டிக்னு கேக்குது. கீழ் லிமிட் பார்க்கல. யாரும் எதையும் தொடல. நேத்து சாயந்திரம் பக்கத்து ஷெட்டுக்கு மாத்தினோம், அவ்வளவுதான். அங்க மாட்டினதும் மேல் பட்டன் போட்டா கீழ போச்சு. பெண்டன்ட்ல, அதான் தொங்குற பட்டன் பெட்டியில, ரெண்டு வயரை மாத்திப் போட்டேன், அது சரியாயிடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கொக்கி_77 · 11:13
தம்பி, ஹாய்ஸ்ட்டை இப்பவே நிறுத்துங்க. மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டுங்க. பெண்டன்ட்ல இருக்கிற சிவப்புப் பட்டனை மட்டும் அமுக்கிட்டுக் கவரைத் திறக்காதீங்க. அதை அமுக்கினாலும் உள்ள வரைக்கும் கரன்ட் வந்துக்கிட்டுத்தான் இருக்கும்.

நீங்க சம்பந்தம் இல்லன்னு சொன்ன அந்த ரெண்டு வயர்லதான் விஷயமே இருக்கு. உள்ள ரெண்டு கான்டாக்டர் (காயில் இழுத்ததும் மோட்டாருக்குக் கரன்ட் விடுற சுவிட்ச்), ஒண்ணு ஏத்த, ஒண்ணு இறக்க. மேல் லிமிட், ஏத்துற கான்டாக்டரோட காயில் லைனை மட்டும்தான் வெட்டும். புது ஷெட்டு பாயின்ட்ல ஃபேஸ் வரிசை மாறி இருக்கு, அதனால மோட்டார் தலைகீழா சுத்துச்சு. நீங்க பெண்டன்ட்ல வயரை மாத்தினதால, இப்ப மேல் பட்டன் போட்டா இறக்குற கான்டாக்டர் இழுக்குது. கொக்கி மேல போகுது. லிமிட் அடிச்சு டிக்குனு திறக்குது, ஆனா வெட்டுறது சும்மா கிடக்குற கான்டாக்டர் லைனை! ஓடுறதை யாரும் தடுக்கல. கீழ் லிமிட்டும் இதே கதைதான், செயின் கடைசி வரைக்கும் ஓடிடும்.

பெண்டன்ட் வயரைப் பழையபடியே போடுங்க. சப்ளை பக்கம், பிளக் டாப்பிலயோ ஐசொலேட்டர்லயோ, மூணு ஃபேஸ்ல ஏதாவது ரெண்டை மாத்துங்க. எர்த்தைத் தொடாதீங்க. வயர்மேன் இருந்தா அவரே செய்யட்டும்.

அப்புறம் லோடு இல்லாம, கொக்கியைப் பாதி உயரத்துல வெச்சு மேல் பட்டனைத் தட்டித் தட்டி ஓட்டுங்க. ஓடும்போது ஒரு மரக்குச்சியால லிமிட் லீவரைத் தள்ளணும். கையை வெக்காதீங்க. தள்ளினதும் மேல போறது நிக்கணும், கீழ் பட்டன் மட்டும் வேலை செய்யணும். கீழ் லிமிட்டையும் இப்படியே பாருங்க. ரெண்டும் சரியா இருந்தாத்தான் மத்த பேச்சு.

அவசர_ஆள் · 11:20
உள்ள ஸ்லிப் கிளட்ச் இருக்கே. கொக்கி முட்டினா அது வழுக்கிக்கும், செயின் அறுந்துடாது. மதியம் வேலையை முடிச்சிட்டுச் சாயந்திரம் வயர் மாத்தலாம். மேல பார்த்து ஓட்டினா போதும்.

பழைய_ஃபிட்டர் · 11:24
ஐயா, தெரியாத விஷயத்துல வாயைக் கொடுக்காதீங்க. கிளட்ச் ஓவர்லோடுக்கு வெச்சது, ஸ்டாப்பருக்கு வெச்சது இல்ல. ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் லைனிங் சூடாகும், தேயும். சில மாடல்ல பிரேக்குக்கும் லோடுக்கும் நடுவுல கிளட்ச் உட்கார்ந்திருக்கும். அது தேஞ்சா பிரேக் கெட்டியாப் பிடிச்சிருந்தாலும் லோடு இறங்கும்.

அவசர_ஆள் · 11:27
நான் பல வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல.

கண்ணி_எண்ணி · 11:33
எங்க பட்டறையில ஒருத்தர் இதையேதான் சொல்லிட்டிருந்தார். மேல் லிமிட் வேலை செய்யாத ஹாய்ஸ்ட், ரெண்டு வழி செயின். கொக்கி பிளாக் போய் முட்டி முட்டி, ஒரு கண்ணியில நகத்தளவு வெட்டு விழுந்திருந்தது. யாரும் பார்க்கல. ஒரு நாள் மோட்டாரைத் தூக்கும்போது அங்கேயே அறுந்தது. கீழ நின்ன பையன் ஸ்பேனர் எடுக்கத் திரும்பிப் போயிருந்தான், பிழைச்சான். மோட்டார் விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. கியர்பாக்ஸ் நாளைக்கு இறங்கட்டும் தம்பி.

எண்ணெய்_டப்பா · 11:41
செயின்னு பேச்சு வந்ததால கேக்குறேன். யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லல. நான் கிரீஸ்தான் போடுறேன், எண்ணெய்னா ஜாப் மேல சொட்டுது.

கண்ணி_எண்ணி · 11:46
தேய்மானம் நடக்கிறது கண்ணியும் கண்ணியும் உரசுற உள்வளைவுல. கெட்டி கிரீஸ் அங்க போகாது, வெளியவே தூசியைப் பிடிச்சு உப்புத்தாள் மாதிரி அறுக்கும். துணியால துடைச்சிட்டு மெல்லிசா எண்ணெய் விடுங்க. லோடு இல்லாம ஓட்டிக்கிட்டே விட்டாத்தான் கண்ணி அசைஞ்சு உள்ள இறங்கும். அப்பவே 11 கண்ணி நீளத்தை வெர்னியர்ல அளந்து பாருங்க. புதுசுல இருந்ததை விட 2% நீண்டிருந்தா செயினையே மாத்தணும். கண்ணிக் கம்பி தடிப்பு 10% குறைஞ்சாலும் அதேதான்.

எண்ணெய்_டப்பா · 11:52
சிமென்ட் தூசி பறக்குற இடத்துல எண்ணெய் விட்டா அதுவும் சேறாகுதே?

கண்ணி_எண்ணி · 11:55
அந்த மாதிரி இடத்துக்குக் காஞ்சு ஒட்டுற டிரை லூப்ரிகன்ட் இருக்கு. அதுக்காகக் கிரீஸை நியாயப்படுத்தாதீங்க.

வோல்ட்_மாமா · 12:02
ஃபேஸ் மாத்தும்போது வோல்டேஜும் அளந்துடுங்க. புது ஷெட்டு வரைக்கும் கேபிள் எவ்வளவு நீளம்னு தம்பி இன்னும் சொல்லல.

பழைய_ஃபிட்டர் · 12:10
பேச்சு எங்கேயோ போயிட்டிருக்கு. தம்பி, கொக்கி எத்தனை தடவை முட்டுச்சு? சரி பண்ணினதும் மேல்பக்கக் கண்ணி, லிமிட் லீவர், கொக்கியோட நாக்கு மூணையும் பார்த்துச் சொல்லுங்க. கொக்கி வாய் 10% விரிஞ்சிருந்தா அதைத் தூக்கிப் போடணும்.

லேத்_பையன் · மாலை 5:35
வயர்மேன் வந்து பிளக்ல ரெண்டு ஃபேஸ் மாத்தினார், பெண்டன்ட் பழையபடி. குச்சி வெச்சுப் பார்த்தோம், ரெண்டு லிமிட்டும் நிறுத்துது. ஆறேழு தடவை முட்டியிருக்கும். கொக்கி மேல இருக்கிற ரப்பர் கிழிஞ்சிருக்கு, மேல்கண்ணி ஒண்ணுல சின்னக் கீறல். லோடு தூக்கல. நன்றி.

கொக்கி_77 · 5:48
நல்ல காரியம் பண்ணீங்க. அந்தக் கீறல் நகத்துல தட்டுப்படுதா? தட்டுப்பட்டா செயினை மாத்துற வரைக்கும் தூக்காதீங்க. கிளட்ச்சையும் சர்வீஸ் ஆள் டெஸ்ட் லோடு வெச்சுப் பார்க்கட்டும். எந்த எடையில வழுக்குதுன்னு இங்க போடுங்க.

கொக்கி_77 · மறுநாள் காலை 9:15
தம்பி, கீறல் என்ன ஆச்சு?