மறு: 'ஃபேட்டி ஆல்கஹால்' தமிழில் – 'நெய்யோல்' எனப் பரிந்துரைக்கிறேன்

வணக்கம். ஃபேட்டி ஆல்கஹால் என்பது கண்டிஷனரில் சேர்க்கும், நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட மெழுகு போன்ற பொருள். செட்டைல் ஆல்கஹால் அதில் ஒரு வகை. அதற்கு நான் பரிந்துரைத்த சொல்லுக்கு வந்த மறுமொழி இது:

> 'கொழுப்புச் சாராயம்' என்றே வைக்கலாமே. வேதியியல்படி சரிதானே?

வேதியியல்படி சரிதான் ஐயா. ஆனால் மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங்கில் அது எடுபடாது. சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்துச் சீரழிந்த குடும்பங்களை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கண்டிஷனர் புட்டியில் 'செட்டைல் ஆல்கஹால்' என்று இருந்தாலே, "தலையில சாராயத்தையா தேய்க்கிறது?" என்று திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய சொல்லிலேயே சாராயம் இருக்கலாமா?

பொருளைக் கையில் எடுத்தால் வேறுபாடு தெரியும். செட்டைல் ஆல்கஹால் வெள்ளை வெளேரென்ற செதில். விரலில் தேய்த்தால் மெழுகாய் வழுக்கும். உருகுவதற்கே ஏறக்குறைய 49 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். சாராயத்தில் இருக்கும் எத்தனோலில் கார்பன் 2, இதில் 16. எத்தனோல் முடியின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிட்டுச் சட்டென ஆவியாகிவிடும், முடி வறளும். செட்டைல் ஆவியாகாது, முடிமேல் படிந்து மிருதுவாக்கும். கண்டிஷனர் குழைவாக இருப்பதும் இதனால்தான். கண்டிஷனரில் சேர்க்கும், நேர்மின்னேற்றம் கொண்ட செட்ரிமோனியம் குளோரைடு போன்றவற்றோடு சேர்ந்து, நீரில் அடுக்கடுக்காகப் பரவிக் கெட்டிப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செம்பனை எண்ணெயின் (பாமாயிலின்) கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். அதிலும் 16 கார்பன்தான். அதை ஹைட்ரஜன் சேர்த்து மாற்றினால் செட்டைல் கிடைக்கும். முன்பு திமிங்கிலத் தலையில் இருக்கும் மெழுகிலிருந்து எடுத்தார்கள். இன்று நம் வீட்டுக்குப் பின்னால் காய்க்கும் குலையிலிருந்தே எடுக்க முடிகிறது. நம் அம்மாக்கள் உதிரிப்பழம் பொறுக்கிய மரத்தின் பொருளை நாமே சாராயம் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். நெய் என்பது பசுநெய் மட்டுமல்ல. எள்ளின் நெய்தானே எண்ணெய். கிளிசரோலும் (கிளிசரின்) வேதியியலில் ஆல்கஹால்தான், ஆனால் அதன் பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த 'ஓல்' ஈற்றை நெய்யோடு சேர்த்தால் 'நெய்யோல்'. செட்டைல் நெய்யோல், ஸ்டியரைல் நெய்யோல், இரண்டும் கலந்ததற்குச் செட்டியரைல் நெய்யோல்.

தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் எத்தனால், கிளிசரால் என்று 'ஆல்' போடுகிறார்கள். இங்கே அது ஒத்துவராது. 'நெய்யால்' என்றால் 'நெய்யினால்' என்றுதான் படிப்பார்கள். 'கொழுப்போல்' என்று எழுதிப் பார்த்தேன், 'கொழுப்புப் போல்' என்று காதில் விழுகிறது. கொழுப்பு அமிலம் என்பது நிலைத்துவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம்.

ஒரு வரம்பு மட்டும் அவசியம். நீண்ட கார்பன் சங்கிலி உள்ளவற்றுக்கே நெய்யோல். பதப்பொருளாகச் சேர்க்கும் பென்சைல் ஆல்கஹாலையும், முடியை வறளச் செய்யும் 'ஆல்கஹால் டீநாட்' (குடிக்க முடியாதபடி மாற்றிய எத்தனோல்) என்பதையும் இதில் சேர்க்கக் கூடாது. மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.