தீக்குச்சி கொளுத்தி கேஸ் லீக் பாக்கற அம்மாவுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

காட்பாடி பொண்ணு:
ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. அம்மா குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க, 66 வயசு. அப்பா போனப்புறம் எங்கூட வந்துடுன்னு எத்தனையோ தடவ கூப்பிட்டுட்டேன், மாட்டை விட்டுட்டு வர மாட்டாங்க. வியாழக்கிழமை போன்ல பேசிக்கினு இருக்கும்போது, "ராத்திரி லேசா கேஸ் நாத்தம் அடிச்சிச்சி, தீக்குச்சி கொளுத்தி டியூப் கிட்ட காட்டிப் பாத்தேன், ஒண்ணும் பத்தல"ன்னு சொல்றாங்க. எனக்குக் கையெல்லாம் நடுங்கிடுச்சி.

சமையக்கட்டு சின்னது. ஒரே ஜன்னல், குரங்கு வருதுன்னு அதையும் சாத்தி வச்சிருப்பாங்க. வெயில் காலம் வந்தா தரை ஜில்லுன்னு இருக்குன்னு அங்கயே பாய் போட்டுப் படுப்பாங்க, சிலிண்டர்ல இருந்து நாலடி கூட இருக்காது. சத்தம் போட்டா, "இத்தினி வருஷமா நான் சமைக்கல? இன்னா ஆயிடுச்சி?"ன்னு போனை வச்சிடறாங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். முதல்ல எதை மாத்தணும்?

ஆற்காடு அடுப்பு ரிப்பேர்:
தங்கச்சி, முதல்ல அந்தப் பாயை எடு. இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லு. சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா மேல போவாது, தரையில தண்ணி மாதிரி பரவித் தேங்கும். ஜன்னல் மட்டும் திறந்தா பத்தாது, தரையோட இருக்கற பின்கதவைத் திறக்கணும். கேஸுக்குன்னு சொந்தமா வாசனை கிடையாது, கசிவு தெரியணும்னுதான் அந்த நாத்தத்தைச் சேக்கறாங்க. வயசானவங்களுக்கு மூக்கு மந்தமாயிடும். அம்மாவுக்கு லேசாத் தெரிஞ்சதுன்னா நமக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

நான் 19 வருஷமா அடுப்பு பாக்கறேன். கசிவு பாக்க சோப்பு நுரை போதும். அடுப்புத் திருகை மூடிட்டு, ரெகுலேட்டரைத் திறந்து, டியூப் ரெண்டு முனையிலயும் ரெகுலேட்டர் உக்கார்ற இடத்துலயும் நுரையைத் தடவு. முட்டை விட்டா அங்கதான் கசியுது. நிறைய வீட்டுல குத்தம் டியூப்ல இருக்காது, சிலிண்டர் வாய்க்குள்ள இருக்கற சின்ன ரப்பர் வாஷர்ல இருக்கும். சிலிண்டர் கொண்டாந்து மாட்டறவரையே அதைப் பாக்கச் சொல்லலாம். டியூப் மேல தேதி போட்டிருக்கும், அஞ்சு வருஷத்துக்கு மேல வச்சிக்கக் கூடாது. அழுக்காவுதுன்னு துணி சுத்தி வைக்காதீங்க, எலி கடிச்சது தெரியாமப் போயிடும்.

நாத்தம் வந்தா லைட்டு ஸ்விட்சைப் போடவும் கூடாது, எரியற லைட்டை அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவெல்லாம் திறந்து, வெளிய வந்துட்டு கேஸ் கசிவு அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க. எந்த நேரமும் எடுப்பாங்க. அந்த நம்பரைப் பெருசா எழுதி வாசக்கதவுல ஒட்டு, சமையக்கட்டுல ஒட்டாத.

சத்துவாச்சாரி அக்கா:
ஏம்மா, அம்மா கட்டற புடவையையும் கொஞ்சம் கவனி. எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பின் அடுப்புல இருந்த சாம்பார் பாத்திரத்தை எட்டி எடுக்கும்போது முந்தானை பத்திக்கிச்சி. சின்தெடிக் புடவை, உருகிக் கையில ஒட்டிக்கிச்சி. பயத்துல பேஸ்ட்டைத் தடவிட்டேன். ஆஸ்பத்திரியில அதை எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சி. வெறும் தண்ணியில 20 நிமிஷம் காட்டியிருந்தா போதும்னு டாக்டர் சொன்னாங்க.

நம்மூரு மே மாசத்துல மாடித் தொட்டித் தண்ணி குழாய்ல கொதியாக் கொதிச்சிக்கினு வரும், அது ஆவாது. நான் இப்ப காலையிலயே ஒரு பக்கெட் புடிச்சி சமையக்கட்டு நிழல்ல வச்சிடறேன். ஐஸும் வைக்கக் கூடாதாம். இன்னொண்ணு, வடை சுடும்போது எண்ணெய் பத்திக்கினா தண்ணி ஊத்தவே கூடாது. அடுப்பை அணைச்சிட்டு தட்டைப் போட்டு மூடிடணும். வாணலிக்கு ஏத்த தட்டைப் பக்கத்துலயே வச்சிருக்கச் சொல்லு.

காட்பாடி பொண்ணு:
போயிட்டு வந்துட்டேன். அண்ணா, நீங்க சொன்ன மாதிரி நுரையை அம்மா கையாலயே தடவச் சொன்னேன். ரெகுலேட்டர் கிட்ட முட்டை முட்டையா வந்துச்சி. அம்மா ரொம்ப நேரம் அதையே பாத்துக்கினு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. டியூப்ல 2016ன்னு போட்டிருந்தது. அன்னிக்கே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கற ஆரஞ்சு டியூப் வாங்கி மாட்டியாச்சி, வாஷரும் மாத்தியாச்சி. சாயங்காலம் நான் சொல்றதுக்கு முன்னாடியே பாயை எடுத்து நடையில போட்டாங்க.

அக்கா, பருத்திப் புடவை ரெண்டு எடுத்துக் குடுத்திருக்கேன். குக்கர் கேஸ்கெட் விறைச்சிப் போயிருக்கு, ஓரத்துல ஆவி வருது. மூணு லிட்டர் பழைய மாடல். குடியாத்தத்துல எங்க சரியான அளவு கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.