பிரெக்சிட்டுக்குப் பின்: பிரிட்டனும் ஐரோப்பாவும் ஓர் உடன்படிக்கையை ஒரே விதமாகத்தான் பார்க்கின்றனவா?

கேள்வி

வணக்கம். பதினான்கு ஆண்டுகள் நெதர்லாந்தில் வாழ்ந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 2018இல் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவன் நான். அங்கும் இங்கும் சரக்குப் போக்குவரத்துத் துறையிலேயே வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2020 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு விலகல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அயர்லாந்துத் தீவில் நில எல்லைச் சோதனை வராதபடி, வட அயர்லாந்தில் சரக்குகளுக்கு ஒன்றியத்தின் விதிகளைத் தொடரச் செய்யும் வட அயர்லாந்து நெறிமுறையும் அதன் பகுதிதான். அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று, வட அயர்லாந்து விவகார அமைச்சர் பிராண்டன் லூயிஸ் மக்கள் சபையில் எழுந்து, அந்த நெறிமுறையின் சில பகுதிகளை ஒதுக்கிவைக்க இடமளித்து அரசு கொண்டுவரவிருந்த உள்நாட்டுச் சந்தை மசோதா பன்னாட்டுச் சட்டத்தை மீறுகிறது, ஆனால் மிகக் குறிப்பான, வரையறுக்கப்பட்ட முறையில்தான் மீறுகிறது என்று ஒப்புக்கொண்டார். அன்று ரோட்டர்டாமிலிருந்து தொலைபேசியில் அழைத்த என் பழைய சக ஊழியர்கள், கோபத்தைவிட அதிர்ச்சியோடுதான் பேசினார்கள். எட்டு மாதங்களுக்கு முன் தானே இட்ட கையெழுத்தை ஓர் அரசு எப்படி இவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டார்கள். லண்டன் அலுவலகத்து நண்பர்களோ, எங்கள் நாடாளுமன்றம் ஏற்றதை எங்கள் நாடாளுமன்றமே மாற்றலாம், இதில் வியக்க என்ன இருக்கிறது என்றார்கள். இரு தரப்பினரும் நேர்மையானவர்கள் என்பதை நான் அறிவேன். இந்த வேறுபாடு சட்ட மரபிலிருந்து வருகிறதா, அன்றைய அரசியலிலிருந்து வந்ததா?

மறுமொழி 1

நான் சட்டம் படித்தவன் என்பதால் மரபின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனில் ஓர் அரசு வெளிநாட்டோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டமாகிவிடுவதில்லை. நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றினால்தான் நீதிமன்றங்கள் அதைக் கையில் எடுக்கும். ஐரோப்பியச் சட்டம்கூட அந்நாட்டுக்குள் 1972ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூகங்கள் சட்டம் என்ற ஒரே கதவின் வழியாகத்தான் நுழைந்தது, அந்தக் கதவைத் திறந்தவர்களே மூடவும் முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு மேலே எதுவும் இல்லை என்று பள்ளியிலிருந்தே கற்ற ஒருவருக்கு உங்கள் லண்டன் நண்பர்களின் சொல் இயல்பாகவே தோன்றும்.

ஐரோப்பாவில் கதை வேறு. அதன் தொடக்கத்தில் உங்கள் துறையே இருக்கிறது என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம். வான் கெண்ட் என் லோஸ் என்ற டச்சுப் போக்குவரத்து நிறுவனம், ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்த ஒரு வேதிப்பொருளுக்கு நெதர்லாந்து அதிகச் சுங்க வரி விதித்ததை எதிர்த்து வழக்காடியது. ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பை உருவாக்கிய ரோம் உடன்படிக்கை அரசுகளை மட்டும் கட்டுப்படுத்துவதன்று, அது தனிமனிதருக்கும் நிறுவனங்களுக்கும் நேரடியாக உரிமை வழங்குகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, கோஸ்டா வழக்கில், அச்சட்டம் உறுப்பு நாடுகளின் சட்டத்துக்கு மேலானது என்றது. இன்று 27 நாடுகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பொது மொழியோ பொது இராணுவமோ அன்று, இந்த விதிகள்தான். ஆகவே ஒரு விதியை வளைப்பது அவர்களுக்குக் கட்டடத்தின் தூணை அசைப்பதாகவே படுகிறது.

நன்னம்பிக்கை என்ற கருத்திலும் இடைவெளி உண்டு. ஜெர்மன் குடியியல் சட்டத்தின் 242ஆம் பிரிவு, கடமையை நன்னம்பிக்கையோடு நிறைவேற்ற வேண்டும் என்று பொதுவாகவே விதிக்கிறது. ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பொதுக் கடமை இல்லை. நன்னம்பிக்கையோடு பேச்சு நடத்துவோம் என்ற உறுதிமொழியை நடைமுறைப்படுத்த இயலாது என்று, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1992இல் வால்ஃபோர்ட் வழக்கில் சொல்லிவிட்டது. எழுதியதற்குக் கட்டுப்படு, எழுதாததை எதிர்பார்க்காதே என்பதே அங்கே வணிகரின் பழக்கம். இருந்தாலும், 2020இல் நடந்ததை இந்த மரபு நியாயப்படுத்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. விலகல் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு நன்னம்பிக்கையை எழுத்திலேயே கேட்கிறது. உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டி உடன்படிக்கையை மீற முடியாது என்று நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளுக்கு விதி வகுக்கும் வியன்னா மாநாட்டு உடன்படிக்கையின் 27ஆம் பிரிவும் சொல்கிறது.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் மரபு என்ற சொல்லுக்கு அவ்வளவு பாரத்தை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. லூயிஸ் பேசிய அதே நாளில் பிரிட்டன் அரசின் சட்டத் துறைத் தலைவர் ஜோனதன் ஜோன்ஸ் பதவி விலகினார். அடுத்த வாரம் ஸ்காட்லாந்துக்கான சட்ட அதிகாரி கீன் பிரபுவும் விலகினார். நவம்பரில் பிரபுக்கள் சபை அந்த மசோதாவில் நெறிமுறையை மீற இடமளித்த பிரிவுகளை 165க்கு எதிராக 433 வாக்குகளால் நிராகரித்தது, டிசம்பரில் அரசே அவற்றைக் கைவிட்டது. இவர்களும் பிரிட்டன்தானே? தங்கள் நாட்டின் சொல்லுக்காக வேலையை விட்டவர்களை மறந்துவிட்டு, பிரிட்டிஷ் மனப்பான்மை என்று பேசுவது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

ஐரோப்பியத் தரப்பும் விதியின் மறுவடிவமன்று. யூரோ நாடுகளின் அரசு வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியை வற்புறுத்தி எழுதுவித்தது ஜெர்மனி. 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் அதை மீறியபோது, நிதி அமைச்சர்கள் அவற்றுக்கு எதிரான நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 2021 ஜனவரி 29 அன்று, தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அவசரத்தில், டப்ளினைக்கூடக் கலந்தாலோசிக்காமல், ஐரோப்பிய ஆணையம், ஒரு தரப்பு தன்னிச்சையாகப் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க இடமளிக்கும் நெறிமுறையின் 16ஆம் பிரிவைப் பயன்படுத்த முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது. என் பார்வையில் வேறுபாடு ஒன்றுதான்: ஐரோப்பிய நாடுகள் விதியை மீறும்போது அந்த விதிக்குள்ளேயே ஒரு விளக்கத்தைத் தேடுகின்றன, 2020இன் பிரிட்டன் அரசோ மீறலை வாய்விட்டு அறிவித்தது. எது அதிகக் கேடு என்பதில் எனக்கு இன்னமும் தெளிவில்லை.

மறுமொழி 3

நான் பெல்ஃபாஸ்டில் வசிக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் தெரிகிறது.

இங்கே முப்பது ஆண்டு வன்முறையை முடித்து வைத்தது 1998 ஏப்ரல் 10 அன்று உருவான பெரிய வெள்ளி உடன்படிக்கை. அது வேண்டுமென்றே சில இடங்களைத் திறந்தே வைத்தது. ஒருவர் தம்மை அயர்லாந்துக்காரர் என்றோ, பிரிட்டிஷ்காரர் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். எதிர்காலம் பெரும்பான்மை மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது. எதிரெதிரான இரு சமூகங்களும் ஒரே தாளில் தத்தம் நம்பிக்கையைப் படிக்க முடிந்ததால்தான் அமைதி வந்தது. நெகிழ்வான சொற்களால் ஒப்பந்தம் செய்வதைக் குறைவாக மதிப்பிடாதீர்கள் என்று டச்சு நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன்.

ஆனால் சுங்க விதியில் அந்த நெகிழ்வுக்கு இடமில்லை. குளிரூட்டிய இறைச்சி ஒன்றியத்துக்குள் வரலாம், அல்லது வரக்கூடாது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீள நில எல்லையில் சோதனைச் சாவடி வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதால் சோதனை கடலுக்கு நகர்ந்தது. ஸ்காட்லாந்திலிருந்து இங்குள்ள கடைக்கு வரும் கொத்திறைச்சிக் குழலைப் (சாசேஜ்) பற்றி 2021இல் இரண்டு தலைநகரங்கள் சண்டையிட்டன. அந்த ஆண்டு மார்ச் மாதம் லண்டன் தன்னிச்சையாகச் சலுகைக் காலத்தை நீட்டியது, பிரஸ்ஸல்ஸ் சட்ட நடவடிக்கை தொடங்கியது. 2023 பிப்ரவரி 27 அன்று ரிஷி சுனக்கும் உர்சுலா வான் டெர் லேயனும் அறிவித்த வின்ட்சர் கட்டமைப்புத்தான் இதைத் தணித்தது. இங்கேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி, அயர்லாந்துக் குடியரசுக்குச் செல்லக்கூடியதற்குச் சிவப்பு வழி. பிரஸ்ஸல்ஸ் தன் விதியிலேயே இடம் விட்டது, லண்டன் நெறிமுறையை மீறுவதற்காக வைத்திருந்த இரண்டாவது மசோதாவைக் கைவிட்டது. நெறிமுறையின் பெயரைக் கேட்டாலே கொதித்த என் அண்டை வீட்டார் இன்று ‘ஒன்றியத்துக்கு அன்று’ என்ற அட்டை ஒட்டிய பாலை முகம் சுளித்தபடி வாங்குகிறார், ஆனாலும் வாங்குகிறார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டாம் மறுமொழியைப் படித்தபோது எனக்கு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஐரோப்பியக் குடிமகனாக இங்கே எனக்கு முதலில் கிடைத்தது ஐந்தாண்டுக்கான தற்காலிக நிலை மட்டுமே. அந்தக் காலத்துக்குள் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் உரிமை முழுவதும் பறிபோகும் என்ற அச்சத்தில் வீட்டில் பல இரவுகள் பேசியிருக்கிறோம். பிரான்சு, ஜெர்மனிக் கடவுச்சீட்டோடு இங்கு வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதே கவலைதான். 2022 டிசம்பரில் அந்த விதி விலகல் உடன்படிக்கைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அன்று, லண்டன் உயர் நீதிமன்றம். வழக்குத் தொடுத்ததும் பிரிட்டனின் சொந்தக் கண்காணிப்பு அமைப்பே. 2023 செப்டம்பரிலிருந்து அந்த நிலை தானாக நீட்டிக்கப்பட்டது.

மறுமொழி 1 எழுதியவர்

உங்கள் அனுபவத்தோடு ஒரு வழக்கைச் சேர்த்துப் படியுங்கள். கடற்பறவைகளின் உணவான சாண்ட்ஈல் என்னும் சிறு மீனைப் பிடிப்பதற்கு, வட கடலின் ஆங்கிலப் பகுதியிலும் ஸ்காட்லாந்து நீரிலும் பிரிட்டன் 2024இல் தடை விதித்தது. டென்மார்க் மீனவர்கள் பாதிக்கப்பட்டதால் ஒன்றியம் நடுவர் மன்றம் சென்றது. பறவைகளைக் காக்கும் நோக்கத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு என்றும், ஆனால் ஆங்கிலப் பகுதித் தடையில் மீனவர் இழப்பைப் போதிய அளவு எடைபோடவில்லை என்றும் 2025இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. அந்த ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு, தாவர, விலங்கு நலத் துறையில் ஒன்றியத்தின் மாறிவரும் விதிகளைப் பின்பற்றவும், அந்த ஐரோப்பியச் சட்டத்தின் பொருளைச் சொல்வதில் ஐரோப்பிய நீதிமன்றமே இறுதி என்று ஏற்கவும் பிரிட்டன் கொள்கையளவில் இசைந்தது. 2016இல் மக்கள் வாக்களித்தது இதிலிருந்து விடுபடத்தான் என்று அங்கே ஒரு பெரிய தரப்பு உண்மையாகவே நம்புகிறது. அந்த விதி அடுத்த முறை மாறும்போது, வாக்குரிமை இல்லாமலேயே அதை ஏற்க வேண்டிய மக்கள் சபை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.