வயலட் எவர்கார்டன்: அந்தப் பெண் நிஜமாகவே மாறுகிறாளா?

பாதித்தூக்கம் கேட்டது:

ஸ்பாய்லர் உண்டு, பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடவும்.

தங்கை ஒரு மாதமாக நச்சரித்ததில் போன சனி, ஞாயிறு இரண்டே நாளில் இந்த ஜப்பானிய அனிமேயின் 13 எபிசோடையும் முடித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பத்தாவதில் மட்டும் தொண்டை அடைத்தது. இதைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவின் கைவண்ணத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் வழக்கு நாயகி வயலட் மேல்.

போரில் ஆயுதமாகவே வளர்ந்தவள். இரண்டு கையும் போய் உலோகக் கை. மேஜர் கில்பர்ட் கடைசியாகச் சொன்ன 'உன்னை நேசிக்கிறேன்' என்ன என்று தெரிந்துகொள்ளத்தான், பிறருக்குக் கடிதம் எழுதித் தரும் வேலைக்கு வருகிறாள். தொடக்கம் பிரமாதம். ஆனால் நாலாவது எபிசோடில் கூட வேலை பார்க்கும் ஐரிஸ் வீட்டுக்குப் போய், அவள் ரகசியமாகச் சொன்ன காதல் தோல்வியை அவள் அப்பா அம்மாவிடமே போட்டு உடைத்த பெண், ஐந்தாவதில் ஓர் இளவரசிக்காகக் காதல் கடிதம் எழுதுகிறாள்! நடுவில் என்ன நடந்தது?

அப்புறம் எபிசோடுக்கு ஒருவர் வருகிறார், அழுகிறார், மனம் மாறிப் போகிறார். வயலட் அதே முகத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறாள். மாற்றமெல்லாம் வாடிக்கையாளருக்குத்தானா? உணர்ச்சியில்லாத நாயகி என்றால் இதுவே போதும் என்று விட்டுவிட்டார்களோ?

பழைய_ரசிகன்:

தம்பி, எங்கள் காலத்து ரேய் அயனாமியைப் பார்த்திருந்தால் இப்படிப் புலம்ப மாட்டீர்கள். 1995இல் வந்த இவாஞ்சலியன் அனிமேயின் உணர்ச்சி காட்டாத பெண் அவள். ஆறாவது எபிசோடில் 'இந்த மாதிரி நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை' என்பாள், நாயகன் ஷிஞ்சி, 'சிரித்தால் போதும்' என்பான், சிரிப்பாள். அப்புறம் 23வதில் கண்ணீர், அதோடு ஆள் முடிந்தது. அவள் நகலாக அடுத்து வந்து நிற்கும் ரேய்க்கு அந்தச் சிரிப்பும் நினைவில்லை, கண்ணீரும் நினைவில்லை. அதோடு ஒப்பிட்டால் வயலட்டுக்கு வாரி வழங்கியிருக்கிறார்கள்.

கார்பன்தாள்:

பாதித்தூக்கம் சகோ, முகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு அவள் எழுதும் கடிதங்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கதை ஒட்டிக்கொண்டதற்கு என் பெரியம்மாதான் காரணம். தெருவிலேயே அவருக்குத்தான் கையெழுத்து அழகாக இருக்கும். புருஷன் துபாயில் இருக்கும் பெண்கள் ஞாயிறு மதியம் ஏர்மெயில் தாளோடு வந்து திண்ணையில் உட்காருவார்கள். ஒருத்தி கோபமாக வந்து 'மூணு மாசமா பணம் இல்லை, என்னன்னு கேளுங்கக்கா' என்றாள். பெரியம்மா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: 'உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. சின்னவனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும்.' வாசித்துக் காட்டியதும் அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆமா, அதான்' என்றாள். அவள் சொன்னது ஒன்று, இவர் எழுதியது ஒன்று. ஆனால் எழுதியதுதான் அவள் சொல்ல வந்தது.

இரண்டாவது எபிசோடில் வயலட்டால் முடியாதது இதுதான். தன்னை விரும்பும் ஆணிடம் கொஞ்சம் பிகு பண்ண நினைத்து ஒரு பெண் வருகிறாள். வயலட் அவள் வாயில் வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு முகத்தில் அடித்த மாதிரி எழுதி அனுப்பிவிடுகிறாள். மூன்றாவதில் பயிற்சிப் பள்ளி. டைப்பிங்கில் முதல் ஆள், ஆனால் இதைக் கடிதம் என்று சொல்ல முடியாது என்கிறார் ஆசிரியை. அதே எபிசோடின் கடைசியில் கூடப் படிக்கும் லுகுலியாவுக்காக அவள் அண்ணனுக்கு இரண்டு மூன்று வரிதான் எழுதுகிறாள். நீ உயிரோடு இருப்பதே எனக்குச் சந்தோஷம், நன்றி, அவ்வளவுதான். லுகுலியா அண்ணனிடம் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்ததை இவள் முதல் தடவையாகக் காதில் வாங்கியிருக்கிறாள்.

ஐந்தாவதில் எழுதுகிற வேலையையே விட்டுக்கொடுக்கிறாள். அழகான சொற்களை இவள் கோத்துத் தருகிறாள், இளவரசிக்கோ தான் மணக்கப்போகும் இளவரசனின் சொந்தச் சொல் வேண்டியிருக்கிறது. நீங்களே எழுதுங்கள் என்று ஒதுங்கி நிற்கிறாள். கட்டளை வந்தால் மட்டும் அசைகிற பெண் தானாக எடுத்த முடிவு இது.

பத்தாவதைச் சொல்லவே வேண்டாம். ஏழு நாள் அந்த வீட்டில் இருந்து, சாகப் போகும் அம்மா தன் மகளின் 50 பிறந்தநாளுக்குச் சொல்வதை எழுதுகிறாள். சின்னப் பெண் ஆனின் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆபீசுக்குத் திரும்பிய பிறகுதான், அத்தனை நாளும் அடக்கிக்கொண்டிருந்தேன் என்று உடைகிறாள். அதாவது நீங்கள் குறை சொன்ன அந்த 'அதே முகம்' அந்த வீட்டில் வேறு வேலை பார்த்திருக்கிறது. முதல் எபிசோடில் அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. பத்தாவதில் தெரிந்தே மூடி வைத்திருக்கிறாள்.

இன்னொன்று: முதலில் ராணுவ சல்யூட் அடிப்பாள். பிறகு பாவாடை நுனியைப் பிடித்து முழங்காலை மடக்கி வணங்குவாள். எப்போது மாறியது என்று ஒருவரும் சொல்வதில்லை.

பாதித்தூக்கம்:

அக்கா, உங்கள் பெரியம்மா கதைக்கே தனித் திரி ஆரம்பிக்கலாம்.

நேற்று ஒன்றையும் ஏழையும் மறுபடி போட்டேன். முதல் எபிசோடில் அவளை வேலைக்குச் சேர்த்த முதலாளி ஹாட்ஜின்ஸ், நீ செய்த காரியங்களால் உன் உடம்பு எரிந்துகொண்டிருக்கிறது, அது உனக்கே தெரியவில்லை என்கிறார். எரியவில்லையே என்கிறாள். ஏழாவதில், மகளை இழந்த நாடகாசிரியர் ஆஸ்கரைப் பார்த்த பிறகு, தான் கொன்றவர்களுக்கும் இப்படிக் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்களே என்று உறைக்கும்போது, எரிகிறது என்று அவளே சொல்கிறாள். முதல் தடவை பார்த்தபோது இந்த முடிச்சைத் தவறவிட்டிருக்கிறேன், தப்பு என் மேல்.

ஆனால் இரண்டு விஷயத்தை விடமாட்டேன். கடைசி இரண்டு எபிசோட் ரயில் சண்டை எதற்கு? அப்புறம் அந்த நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள பள்ளம். நீங்களும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் போனீர்கள், கவனித்தேன்.

கார்பன்தாள்:

பிடித்துவிட்டீர்கள். ரயில் சண்டை எனக்கும் பிடிக்காது. இனி யாரையும் கொல்ல மாட்டேன் என்று அவள் நிற்கிற ஓர் இடத்துக்காக மட்டும் பொறுத்துக்கொள்கிறேன். அந்தப் பள்ளத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அலமாரி_நூலகம்:

என்னிடம் இருக்கிறது.

கானா அகாட்சுகி எழுதிய மூல நாவல் வேறு வரிசையில் போகும். முதல் அத்தியாயமே ஆஸ்கர், அடுத்தது ஆன். அதாவது வயலட் கைதேர்ந்தவளாகத்தான் நமக்கு அறிமுகம் ஆவாள், பழைய கதை பிறகு வரும். அனிமே ஆட்கள் அதைக் கால வரிசைக்கு மாற்றி, தத்துப்பித்தென்று உளறுகிற பயிற்சிக் காலத்தை முன்னால் சேர்த்தார்கள். லுகுலியாவே அனிமேவுக்காக உண்டாக்கிய பாத்திரம்தான். நாலும் ஐந்தும் சேர்கிற இடத்தில் பாதித்தூக்கம் கண்ணில் பட்டது தையல் போட்ட தடம்.

அதை அவர்களும் உணர்ந்திருப்பார்கள் போல. 2018 ஜூலையில் ஒரு சிறப்பு எபிசோட் வந்தது, கதைப்படி அது சரியாக நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நடக்கிறது. இர்மா என்ற ஓபரா (இசைநாடக) பாடகி தன் பாட்டுக்காக ஒரு காதல் கடிதம் கேட்கிறாள். வயலட் எழுதி எழுதிக் கொடுக்கிறாள், எல்லாம் திரும்பி வருகிறது. கடைசியில், போர்க்காலத்தில் எழுதப்பட்டு உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் கிடக்கும் கடிதங்களை உட்கார்ந்து படிக்கிறாள். அதன் பிறகுதான் அவளுக்கு எழுத வருகிறது. நீங்கள் கேட்ட 'நடுவில் என்ன நடந்தது' இதுதான்.

நெட்ஃபிளிக்ஸில் தேடுங்கள், ஸ்பெஷல் என்று தனியாகக் கிடக்கும். 13 எபிசோட் பட்டியலில் இருக்காது.

பாதித்தூக்கம்:

அட! முக்கியமான பாடத்தைப் புத்தகத்துக்கு வெளியே தனியாக அச்சடித்து வைத்துவிட்டு, என்னைப் பரீட்சையில் பெயிலாக்கியிருக்கிறார்கள். இன்று ராத்திரி பார்த்துவிட்டு வருகிறேன். தங்கைக்கும் இப்படி ஒன்று இருப்பது தெரியாதாம், ஒரு மாதம் நச்சரித்தவளுக்கு!