ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு நினைவு மலர்: எதை எழுதுவது?

கேள்வி (நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் மூத்த சகோதரி, எங்களுக்கெல்லாம் பெரியத்தை, சென்ற ஆண்டு தமது 92-ஆம் வயதில் காலமானார். 1953-இல் அன்றைய தஞ்சை ஜில்லா போர்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து, 1991-இல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஒரு சிறு மலர் வெளியிட விரும்பி, உறவினர்களிடமும் பழைய மாணவர்களிடமும் கட்டுரை கேட்டோம். வந்து சேர்ந்தவை எல்லாம் ‘அன்பின் இருப்பிடம்’, ‘கல்விக் கண் திறந்த தெய்வம்’ என்ற அளவிலேயே நிற்கின்றன. பெயரை மாற்றிவிட்டால் எந்த ஆசிரியருக்கும் பொருந்திவிடும். அவர் நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். தம்மைப் பற்றிப் பேசும் வழக்கமும் அவரிடம் இல்லை. இத்தகைய ஒருவரின் வாழ்க்கையை எங்கிருந்து எடுத்து எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்)

நீங்கள் கொடுத்த இரண்டு ஆண்டுகளே பாதி மலரை எழுதிவிடும். 1953-இல் பணியில் சேர்ந்தவர் என்றால், ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்த ஏற்பாட்டின் நடுவில்தான் அவர் முதன்முதலாகக் கரும்பலகை முன் நின்றிருப்பார். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அத்திட்டம். ஒரு பிரிவு போனபின் இன்னொரு பிரிவு வரும். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மதிய உணவு வந்தது.

அதன்பின் கணக்குப் பாடத்தை எண்ணிப் பாருங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்று வாய்பாடு சொல்லிக்கொடுத்தவர், 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாற்றிச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. அதைத் தொடர்ந்து வீசை, சேர் என்ற பழைய எடை அளவுகள் போய்க் கிலோகிராம் வந்தது. கடைக்காரரும் பெற்றோரும் பழைய கணக்கிலேயே பேசிக்கொண்டிருக்க, புதிய கணக்கை ஊருக்குள் கொண்டுசென்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, கால் நூற்றாண்டாகத் துதிக்கை (யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவு) போட்ட ‘லை’யையும் ‘னை’யையும் எழுதிப் பழகிய அதே கை, பிள்ளைகள் முன்னால் புதிய வடிவத்தைப் பிழையின்றி எழுத வேண்டியிருந்தது. மூத்த ஆசிரியர்கள் பலர் பள்ளியில் ஒரு வடிவமும் சொந்தக் கடிதத்தில் இன்னொரு வடிவமுமாகக் கடைசிவரை எழுதியதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் அத்தையின் கடிதங்கள் இருந்தால் அதைக் கவனியுங்கள்.

1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டதும், 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதும் அவர் பணிக்காலத்திலேயே நிகழ்ந்தவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் பணி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். நாகையை 1977 நவம்பர் 12-இல் புயல் தாக்கியபோது அவர் எந்தப் பள்ளியில் இருந்தார் என்பதை முதலில் விசாரியுங்கள். ஓலை வீடுகள் நிறைந்த ஊர்களில் சுவர் வைத்த கட்டடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான்.

பதில் (ஓராசிரியர் பள்ளியில் படித்தவர்)

மேலே எழுதிய ஐயா காலத்தை நன்றாக விளக்கினார். ஆனால் காலம் மட்டும் ஆளைக் காட்டாது. மாணவர்களிடம் ‘ஆசிரியையைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டால் வாழ்த்து மடல்தான் வரும். குறுகிய கேள்விகளாகக் கேளுங்கள். உங்களைப் பள்ளியில் சேர்த்த நாளில் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்? வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னாரா? பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு அவரே ஒரு தேதியை எழுதினாரா? என் ஊரில் அக்காலத்தில் சேர்ந்த பலருக்கும் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்த நாள் வருகிறது. கடவுச்சீட்டு முதல் ஓய்வூதியம் வரை அந்த ஆசிரியர் எழுதிய தேதியே இன்றும் நடக்கிறது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். அவர் பிரம்பு வைத்திருந்தார் என்றால் அதையும் மலரில் எழுத வேண்டும். அடி வாங்கியவர்கள் உயிருடன் இருக்கிறார்கள். அதை மறைத்த புகழுரையை அவர்கள் நம்ப மாட்டார்கள். சிலேட்டு இல்லாமல் வந்தவனுக்கு அவர் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்ததையும் அதே மாணவன் சொல்லக்கூடும்.

பதில் (வேறோர் ஆசிரியையின் மகள், திருவாரூர்)

பிரம்பைப் பற்றி மாணவர்களே தங்கள் பெயரில் எழுதட்டும். குடும்பத்தார் அதற்கு நியாயம் கற்பிக்கவும் வேண்டாம், தீர்ப்பு எழுதவும் வேண்டாம் என்பது என் கருத்து.

நான் சொல்ல வந்தது வேறு. 1953 முதல் 1991 வரை 38 ஆண்டுகள் பணி. அதற்குப்பின் ஏறத்தாழ 34 ஆண்டுகள் ஓய்வு. நினைவு மலர்கள் பெரும்பாலும் பணி நிறைவு விழாவோடு முடிந்து, அடுத்த பக்கத்தில் மரணத்துக்கு வந்துவிடுகின்றன. என் தாயாரின் ஓய்வுக்காலத்தில் வங்கிப் படிவம், முதியோர் உதவித்தொகை மனு, துபாயிலிருக்கும் மகனுக்குக் கடிதம் என்று எதையாவது எடுத்துக்கொண்டு நாள்தோறும் யாரேனும் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தார்கள். உங்கள் அத்தையிடம் யார் யார் வந்தார்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் நேர்காணலுக்கு ஆண்டுதோறும் கருவூலத்துக்கு அழைத்துச் சென்றவர் யார் என்றும் கேளுங்கள்; வயதானவர்களின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவர்களே நன்கறிவார்கள். 80 வயதில் ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடும், 85-இல் 30, 90-இல் 40. தனியாக வாழ்ந்த பெண் ஒருவர் அந்தப் பணத்தை யாருக்குச் செலவிட்டார் என்பதும் அவர் வரலாறுதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரும்புப் பெட்டியில் அத்தையின் ஓய்வூதியப் புத்தகமும், உறவுப் பிள்ளைகள் மூவரின் கல்லூரிக் கட்டண ரசீதுகளும் கிடைத்தன. அவர்களில் ஒருவர் என் தங்கை. கட்டணம் அப்பா கட்டியதாகவே அவள் இதுவரை எண்ணியிருந்தாள். அத்தையின் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தோம். 2004-இல் எழுதியதிலும் ‘லை’க்குத் துதிக்கை இருக்கிறது. அதனைத் தட்டச்சு செய்யாமல் படமாகவே அச்சிட முடிவு செய்துள்ளோம். மாணவர்களுக்குப் புதிய கேள்விகளை அனுப்பிவிட்டேன். பிரம்பைப் பற்றி இருவர் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புயல் நாளில் அவருடன் பள்ளியில் இருந்த ஒரு சமையல்காரம்மா பக்கத்து ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.